பொந்தில் ஒட்டாத நோய்

குளக்கரை நாவல் மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அதில் செம்பி என்ற பெண்குட்டியும் அவள் தம்பி துடியும் தாய் தகப்பனோடு வாழ்ந்து வந்தார்கள். மரத்தின் நடுவே ஒரு பெரிய பொந்து. எவ்வளவு மழை அடித்தாலும் உள்ளே ஒரு சொட்டு வராது. அதுதான் அவர்கள் வீடு.

ஒரு கோடையில் அப்பாவுக்கு உடலை உருக்கும் ஒரு நோய் வந்தது. எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார். பிறகு அம்மாவும் அதே நோயில் படுத்தாள். மழைக்காலம் தொடங்குமுன் அவளும் போய்விட்டாள்.

உடனே சித்தப்பா கருவாயன் ஒரு கிளையில் ஏறி நின்று கத்தினான்.

"எல்லோரும் கேளுங்க! இந்தப் பிள்ளைங்களைத் தொட்டா அந்த நோய் ஒட்டும்! அவங்க இருந்த பொந்திலும் ஒட்டியிருக்கு! யாரும் கிட்டே போகாதீங்க!"

கூட்டம் பயந்துபோனது. யாரும் செம்பியை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் எந்தக் கிளையில் போய் உட்கார்ந்தாலும் அந்தக் கிளை காலியாகிவிடும். அவ்வளவுதான். கடைசியில் அவள் தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடந்து, எதிர்க்கரையில் தனியாக நின்ற கருவேல மரத்துக்குப் போனாள்.

அங்கே கிழங்கு தோண்டினாள். பெரிய துண்டைத் தம்பிக்குக் கொடுத்தாள். தம்பிக்குப் பேன் பார்த்தாள். ஆனால் அவளுக்குப் பார்க்க ஆள் இல்லை. துடியின் விரல்களுக்கு அந்த வேலை வரவில்லை. உண்ணி கடித்து அவள் முதுகெல்லாம் புண்ணாகிவிட்டது.

ஒருநாள் ஒரு மைனா பறந்து வந்தது.

"முதுகைக் காட்டு! உண்ணி பொறுக்கித் தின்னுறேன்."

"வேண்டாம், போயிடு! எங்களைத் தொட்டா நோய் ஒட்டும்!"

"பசி வயித்தைக் கிள்ளுது. திரும்பு!" என்றது மைனா.

அன்று முதல் மைனா தினமும் வந்தது. தின்றது, ஊர்க்கதை பேசியது, பறந்து போனது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கருவேல மரத்தில் ஒதுங்க இடம் ஏது? துடி நனைந்து நனைந்து காய்ச்சலில் விழுந்தான். கிழங்கை வாயில் வைத்தால் துப்பினான்.

"நாவல் மரப் பொந்தில் உன் சித்தப்பன் கால் நீட்டித் தூங்குறான், தெரியுமா?" என்று கேட்டது மைனா.

செம்பிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் சண்டைக்குப் போனால் கருவாயன் ஓங்கி ஒன்று விடுவான், அதோடு முடிந்தது. அவள் வேறொரு வழி யோசித்தாள். பிறகு, "தம்பியைப் பார்த்துக்கோ!" என்று மைனாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மழை விட்டிருந்தது. கூட்டம் நாவல் மரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. செம்பி மரத்தடியில் நின்று ஒப்பாரி வைத்தாள்.

"ஐயோ சித்தப்பா! எங்கம்மா படுத்த பொந்திலே படுத்துட்டீங்களே! உங்களுக்கும் நோய் ஒட்டியிருக்குமே! எங்களோட வந்துடுங்க சித்தப்பா! நான் கிழங்கு தோண்டித் தர்றேன்!"

அவ்வளவுதான்! எல்லாக் குரங்குகளும் கருவாயனை விட்டுச் சட்டென்று விலகின. அவனுக்குக் கதி கலங்கியது.

"எனக்கு எந்த நோயும் இல்லை!" என்று அலறினான். "மழை தொடங்கினதிலிருந்து இங்கேதான் தூங்குறேன்! ஒரு தும்மல் உண்டா? ஓர் இருமல் உண்டா? பொந்தாவது, ஒட்டுறதாவது! எல்லாம் வெறும் பேச்சு!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

செம்பியின் அம்மாவுக்குத் தோழியான பூவாயி கிளையிலிருந்து எழுந்தாள். "இவங்க அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் நான்தான் பேன் பார்த்தேன். எனக்கும் ஒண்ணும் ஆகலை," என்றாள்.

"அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டது ஒரு கிழக்குரங்கு.

"என் குட்டிகளையும் ஒதுக்கி வச்சிடுவீங்களோன்னு பயந்தேன்."

அதற்குமேல் பூவாயி நிற்கவில்லை. எதிர்க்கரைக்கு ஓடினாள். துடியைத் தூக்கி வந்து பொந்தில் படுக்கவைத்து, தன் குட்டிகளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கருவாயன் நுனிக்கிளைக்குப் போய்விட்டான். சில குரங்குகள் அப்போதும் தள்ளியேதான் உட்கார்ந்திருந்தன. சில, பழங்களைக் கொண்டுவந்து வைத்தன.

கதகதப்பில் துடி தூங்கிப்போனான். பூவாயி திரும்பிச் செம்பியைப் பார்த்தாள்.

"நீ சாப்பிட்டியா, கண்ணு?"

அப்பா அம்மா போன பிறகு யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. "ம்" என்று சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. பூவாயி அவளை இழுத்து மடியில் சாய்த்து, புண்ணாகிக் கிடந்த முதுகில் முடியை மெல்ல விலக்கிப் பேன் பார்க்கத் தொடங்கினாள்.

நோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை அந்த நோயைவிட ஊரார் ஒதுக்கிவைப்பதுதான் அதிகம் வாட்டும். பயத்தை விட்டு ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.