இருபத்து நாலு மடங்கு பன்றி

ஏழுமுக்கு மலையில் பனி இறங்கினால், பசு தன் கன்றை மோந்து பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்ளும். அப்படி ஒரு காலையில் ஒச்சப்பன் பவுன்தாயியின் ஏலக்காய்க் களத்துக்கு வந்து, இடுப்பில் சுருட்டி வைத்திருந்த, ஸ்கோப் என்கிற துப்பாக்கித் தொலைநோக்கிகளின் வண்ணப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

ஒச்சப்பனுக்கு வயது ஐம்பத்தாறு. பவுன்தாயிக்கு நாற்பது. ஆனால் குரு அவள்தான், சீடர் அவர். போலீஸ் துப்பாக்கி சுடும் அணியில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு மலைக்குத் திரும்பியவள் அவள். பறக்கிற கொசுவின் மீசையில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடுவாள் என்று ஊரில் பேச்சு. எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் ஆளாளுக்கு மாற்றிச் சொல்வார்கள்.

ஒச்சப்பனின் மரவள்ளித் தோட்டத்தில் ஒரு காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. இரண்டு ஏக்கர். வருஷம் முழுக்க அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கிழங்கால்தான். பஞ்சாயத்தில் ஒரு பன்றிக்கு, பத்து நாளைக்கு, அனுமதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்பா விட்டுப்போன ரைஃபிள் இருந்தது. லைசென்ஸ் இருந்தது. இல்லாதது கண். ரைஃபிளின் நுனியில் இருக்கும் குறிமுள் அவருக்கு ஒன்றுக்கு மூன்றாகத் தெரிந்தது. நடுவில் இருப்பதை நம்பிச் சுட்டால் மற்ற இரண்டும் கோபித்துக்கொண்டன.

"வாத்தியாரம்மா, பழைய பைக்கை வித்த காசு இருபதாயிரம் இருக்கு. அதுக்குள்ள எந்த ஸ்கோப் நல்ல ஸ்கோப்?"

பவுன்தாயி முறத்தில் ஏலக்காயைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். "பன்னி எவ்வளவு தூரத்துல நிக்குது?"

"அதை எவன் அளந்தான்?"

"அளந்துட்டு வாங்கண்ணே."

மறுநாள் வந்தார்.

"அளந்துட்டேன். பரண் மேல நின்னா எதுத்த மலை வரைக்கும் தெரியுது. மாதா கோயில் சிலுவைகூடத் தெரியுது. ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"பன்னி பூசைக்குப் போகுதா?"

ஒச்சப்பன் யோசித்தார். "இல்ல. கிழங்குக்குள்ளதான் நிக்குது."

"அங்க எவ்வளவு தூரம் தெரியும்?"

"செடி ஆள் உசரம். நாப்பது எட்டுக்கு மேல வெறும் பச்சைதான்."

"சரி."

பவுன்தாயி சரி என்றால் பாடம் முடிந்தது என்று அர்த்தம். ஒச்சப்பனுக்கு அது தொடங்கியதே தெரியவில்லை. புத்தகத்தில் முழங்கை நீளத்துக்கு இருந்த ஒரு ஸ்கோப்பின் மேல் விரலை வைத்தார்.

"இது இருபத்து நாலு மடங்கு பெருசாக் காட்டுமாம். பக்கத்துல இருக்கிற குட்டி, நாலு மடங்குதான் காட்டும். ரெண்டும் ஒரே விலை. அதே காசுக்கு இருபது மடங்கு கூட வருதுன்னா எந்தக் கிறுக்கன் விடுவான்?"

பவுன்தாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க பெரியப்பா ஒருத்தர் நூறு மடங்கு ஸ்கோப் வச்சிருந்தார்."

"நூறா!"

"அதுல பன்னியைப் பார்த்தார். பன்னி தெரியலை. பன்னியோட காதுல ஒரு உண்ணி இருந்துச்சு, அது தெரிஞ்சது. ஆட்டுக்குட்டி உசரத்துக்கு."

"அப்புறம்?"

"சுட்டார். உண்ணி செத்துப்போச்சு. அஞ்சு வருஷமா அரிச்சுக்கிட்டிருந்த காது பாருங்க, பன்னிக்கு அப்படி ஒரு சுகம். மறுநாள் பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நன்றி சொல்ல வந்துச்சு. வீடு தேடி வந்த விருந்தாளி சாப்பிடாமலா போகும்?"

ஒச்சப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜீப் ஏறி, கீழே டவுனுக்குப் போய், இருபத்து நாலு மடங்கை வாங்கிவந்தார்.

அவர் மனைவி சிட்டம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது துப்பாக்கிக்கு வாங்குனதா, இல்ல துப்பாக்கியை இதுக்கு வாங்கணுமா?"

அவர் காதில் அது விழவில்லை. எதிர்மலைச் சிலுவையில் உட்கார்ந்திருந்த காக்கைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அவர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் விடியலில் பன்றி வந்தது. கிழக்கு இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. கிழங்குத் தண்டுகள் மடார் மடார் என்று ஒடிந்தன. பரணில் இருந்த ஒச்சப்பன் கண்ணை ஸ்கோப்போடு ஒட்டவைத்துப் பார்த்தார்.

ஒரே கறுப்பு.

மூடியைக் கழற்றவில்லையோ என்று தடவிப் பார்த்தார். மூடி மடியில் இருந்தது. மறுபடி பார்த்தார். கறுப்புக்குள் ஒரு முடி அசைந்தது. மூங்கில் கனத்துக்கு இருந்தது அந்த முடி. அது தோள் முடியா, தொடை முடியா, வாலுக்குப் பக்கமா என்று அவர் ஆராய்ந்து முடிப்பதற்குள் பன்றி ஒரு எட்டு எடுத்து வைத்தது.

இப்போது ஸ்கோப்பில் பன்றியே இல்லை. இலை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு இலை. அந்த இலையில் ஒரு எறும்பு, சேணம் கட்டாத குதிரை மாதிரி நின்று அவரை முறைத்தது. ஒச்சப்பன் ரைஃபிளை இடமும் வலமும் துழாவினார். கடைசியில் ஒரு கறுப்பு அகப்பட்டது. உருண்டை. அசையாமல் நின்றது.

"கருப்பசாமி!" என்று சுட்டார்.

ஸ்கோப் பின்னால் பாய்ந்து அவர் புருவத்தைப் பிறை வடிவில் கடித்தது. சரிவுக்கு அப்பால், பக்கத்துத் தோட்டத்தில், பேபிச்சன் வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வெடித்தது. இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் சரிவில் இறங்கி வந்தது. பன்றி அதில் குளித்து, முதுகைத் தேய்த்து, காதைக் கழுவிக்கொண்டு போனதை இரண்டு கண்ணாலும் பார்த்ததாகச் சிட்டம்மா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

பேபிச்சன்தான் பஞ்சாயத்துத் தலைவர். மலையாளி. பெயர்தான் பேபி. ஆள் நூற்றுப் பத்து கிலோ. பன்றிக்கு அனுமதி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியவரும் அவரே.

"எடோ ஒச்சப்பா! நான் பன்னிக்கு ஒப்பு போட்டேன். தொட்டிக்கு ஒப்பு போட்டது ஆரு?"

"கறுப்பா இருந்துச்சு, சாரே."

"கறுப்பா இருந்தா வெடியா? காகிதத்தை இங்கே கொடு, கிழிச்சுப் போடறேன்."

சத்தம் கேட்டு வந்த பவுன்தாயி நடுவில் நின்றாள். "மிச்ச அஞ்சு நாளுக்கு நான் ஜாமீன், தலைவரே."

பேபிச்சன் அவளைப் பார்த்தார். கொசு மீசை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீ சொல்றதால விடறேன். பத்தாம் நாள் தீர்ந்தா தீர்ந்தது. அப்புறம் இந்த ஆளுக்கு என் முத்திரை கிடையாது. கிழங்கு முழுசும் பன்னி தின்னாலும் கிடையாது."

அன்று மாலை பவுன்தாயி சீடரை டவுனுக்கு அழைத்துப்போனாள். கடைக்கு நேராகப் போகவில்லை. எதிரே உட்கார்ந்து இரண்டு டீ குடித்தாள். ஒச்சப்பன் தவித்தார்.

"கடையை அடைச்சிருவான், வாத்தியாரம்மா."

"பொழுது இறங்கட்டும்ணே."

தெருவில் முகம் மங்குகிற நேரத்தில் உள்ளே போனாள். கடைக்காரர் டியூப்லைட்டைப் போட்டார்.

"அதை அணைச்சுடுங்க. ஸ்கோப்பைக் கொல்லைப்பக்கம் கொண்டு வாங்க."

கொல்லையில் ஒரு சந்து. சாக்கடை ஓரத்தில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. பவுன்தாயி இருபத்து நாலு மடங்கை ஒச்சப்பனிடம் கொடுத்தாள். கட்டுப் போட்ட புருவத்தை அவர் அதில் ஒட்டப் போனார். அவள் நடுவில் கையைக் கொடுத்தாள்.

"நாலு விரல் தள்ளிப் பாருங்க. அது முட்டும். என்ன தெரியுது?"

"ராத்திரி தெரியுது."

அவள் குட்டி ஸ்கோப்பைக் கொடுத்தாள். "இதுல?"

"நாய்."

"அப்புறம்?"

"மடியில மூணு குட்டி. ஒண்ணு வெள்ளை."

"அப்புறம்?"

"பின்னாடி சுவத்துல ஒரு ஆள் சாய்ஞ்சு பீடி பத்த வைக்கிறான். தீப்பெட்டி நமுத்துப்போச்சு போல. மூணாவது குச்சி கிழிக்கிறான்." ஒச்சப்பன் ஸ்கோப்பை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். அவருக்குச் சந்து மட்டும்தான் தெரிந்தது.

"இது நல்ல கண்ணாடிம்மா," என்றார் கடைக்காரர். "ஆனா நம்பர் சின்னது பாருங்க, யாரும் கேக்குறதில்ல. அதுக்காக, ரத்தம் பட்ட ஸ்கோப்பை நான் எப்படித் திரும்ப எடுக்கிறது?"

"ரத்தம் இவரோடது. தொடைச்சா போயிடும். ஸ்கோப்புக்குக் காயமே இல்லை, இவருக்குத்தான்."

கடைக்காரர் புருவத்தைப் பார்த்தார். மாற்றிக் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஒச்சப்பன் ஜீப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். இருபத்து நாலிலிருந்து நாலைக் கழித்தால் இருபது. அந்த இருபது மடங்கையும் சாக்கடைச் சந்தில் போட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது அவருக்கு.

அடுத்த நாள் பவுன்தாயி ஒரு தேங்காய்ச் சிரட்டையை நாற்பது எட்டில் வைத்து, அவர் சுடுவது சரியாக அதில் விழும்வரை ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பரணில் தனியே விட்டுவிட்டுப் போனாள்.

ஏழாம் நாள் பன்றி வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை. ஒன்பதாம் நாள் அவர் கண்ணயர்ந்த கால்மணி நேரத்தில் வந்து இரண்டு வரிசையைத் தின்றுவிட்டுப் போனது. சிட்டம்மா மிச்சம் இருந்த செடிகளை எண்ணிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பத்தாம் நாள் விடியலில் ஒச்சப்பன் கண்ணில் மிளகாயைத் தடவிக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தார். தண்டு ஒடிந்தது. நாலு விரல் தள்ளிக் கண்ணை வைத்தார்.

பன்றி தெரிந்தது. முழுப் பன்றி. கோரைப்பல், காது, பிடரி, தோள். முப்பது எட்டு தூரத்தில், பக்கவாட்டில், படத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஸ்கோப்பின் குறுக்குக் கோடு தோளில் போய் உட்கார்ந்தது. அவர் விரல் விசையில் வளைந்தது.

பன்றியின் முதுகுக்கு மேலே, பின்னால், செடி அசைந்தது.

அங்கே இன்னொரு கறுப்பு உருண்டை இருந்தது. அதன் தலையில் ஒரு துண்டு கட்டியிருந்தது. பக்கத்தில் தண்ணீரோடு ஒரு சிவப்பு மக்கு. பேபிச்சன், சட்டையைத் தூக்கிப் பிடித்து, குத்தவைத்து, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புதுத் தொட்டி இன்னும் வந்து சேரவில்லை. அவர் வீட்டுக் குழாயில் ஐந்து நாளாகக் காற்றுதான் வந்தது. ஓடையோ ஒச்சப்பனின் தோட்டத்து ஓரத்தில்தான் ஓடியது.

பன்றி, அதற்குப் பின்னால் தலைவர். ஒரே கோடு.

ஒச்சப்பன் விரலை எடுத்தார். பன்றி நகரட்டும் என்று காத்திருந்தார். அது நகரவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, நிதானமாக மென்றது. இன்னொன்றையும் தின்றது. பிறகு ஏதோ வேலை நினைவு வந்ததுபோல் நேரே காட்டுக்குள் போய்விட்டது.

ஒச்சப்பன் இருமினார்.

பேபிச்சன் திரும்பினார். பரணைப் பார்த்தார். ரைஃபிளைப் பார்த்தார். அது பார்த்த திசையைப் பார்த்தார். நடுவில் புதிதாகத் தோண்டிய குழியையும் அதைச் சுற்றியிருந்த குளம்படியையும் பார்த்தார்.

"ஈசோயே!" என்று ஏசுவைக் கூப்பிட்டார்.

மக்கு உருண்டது. அதன்பின் அந்த நூற்றுப் பத்து கிலோ சரிவில் ஏறிய வேகத்தை முயல்கள் இன்னும் பேசிக்கொள்கின்றனவாம்.

ஒச்சப்பன் பரணிலிருந்து இறங்கி, நேராகக் களத்துக்கு வந்து, ஏலக்காய்ச் சாக்கின் மேல் ரைஃபிளை வைத்தார்.

"போச்சு, வாத்தியாரம்மா. பத்து நாளும் போச்சு, பன்னியும் போச்சு. பாதிக் கிழங்குதான் மிச்சம். அதுவும் இன்னும் ஒரு மாசம் தாங்காது."

பவுன்தாயி நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"பெரிய ஸ்கோப்புல ஒண்ணுமே தெரியலை, சுட்டேன். இந்தக் குட்டியில எல்லாம் தெரிஞ்சது, சுட முடியலை. நீங்க சொல்லித்தானே வாங்குனேன்? மனசுல கை வச்சுச் சொல்லுங்க. இது நல்ல ஸ்கோப்தானா?"

பவுன்தாயி ஒற்றையடிப் பாதையைப் பார்த்தாள். பேபிச்சன் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். கக்கத்தில் பஞ்சாயத்து அனுமதிப் புத்தகம். ஒரு கையில் மைப்பெட்டி, மறு கையில் முத்திரை.

"என்னை ஏன் கேக்குறீங்கண்ணே? அதோ வர்றார் பாருங்க, அவரைக் கேளுங்க."