கமர்கட்டு வகுப்பு

கோவில்பட்டியில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் மையம் ஒன்று இருந்தது. அதன் குரு சபூராவுக்கு வயது முப்பது. ஒருநாள் காலையில் அவளிடம் சிஷ்யையாக வந்து நின்றார் எப்சிபா மிஸ். வயது நாற்பத்தெட்டு. ஏழாம் வகுப்பில் சபூராவுக்கு ஆங்கிலம் எடுத்தவரே அவர்தான்.

"மாமனார் படுக்கையில விழுந்தாரு, வேலையை விட்டேன். ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு. என் இங்கிலீஷ் துருப்பிடிச்சுக் கெடக்கு, சபூரா."

"யாரு சொன்னா?"

"போன மாசம் ஒரு ஸ்கூல்ல மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னாங்க. பாதியில ஒரு வார்த்தை வரல. அப்படியே நின்னுட்டேன். அந்தத் தாளாளர் மூக்காலயே பேசுறவரு. 'தேங்க்யூ மேடம், யூ மே கோ'ன்னுட்டாரு."

அதையும் மூக்காலேயே சொல்லிக் காட்டினார். சபூரா சிரித்தாள். மிஸ் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை இன்னொரு ஸ்கூல். இதுவும் போச்சுன்னா இந்த வயசுல என்னைய யாரு கூப்பிடுவா? துருவ எதைப் போட்டுத் தேய்க்க, சொல்லு."

சபூரா மேசை டிராயரைத் திறந்து பெரிய கமர்கட்டு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"வாயில போடுங்க. கடிக்கக் கூடாது, துப்பக் கூடாது. பக்கத்து ரூம்ல இருபது பேர் இருக்காங்க. நேத்து நீங்க என்ன செஞ்சீங்கன்னு அவங்களுக்குச் சொல்லிட்டு வாங்க."

"எழ்ழழி?" மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு 'எப்படி' என்று கேட்டார் மிஸ்.

"போங்க மிஸ்."

கன்னம் புடைக்க வகுப்பின் முன் நின்றார் எப்சிபா.

"டூத் பெயின், மிஸ்?" என்றார் முன்வரிசை கண்டக்டர்.

இல்லை என்று தலையாட்டினார். தோளுக்குப் பின்னால் கையை வீசினார், நேற்று என்பதாக. பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினார்.

"யூ ரன்!"

"யோவ், நேத்துன்னு காட்டுறாங்கல்ல? ரேன்!"

"பஸ் நாட் ஸ்டாப்!"

மிஸ் ஒரு காலைத் தூக்கி நொண்டினார். வகுப்பு முழித்தது.

கடைசி வரிசையில் செண்பகவல்லி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மூன்று மாதமாக வாயே திறக்காதவள். எழுந்தே நின்றுவிட்டாள்.

"சப்பல் ப்ரோக், மிஸ்! மை சப்பல் ஆல்சோ ப்ரோக்! சேம் பஸ்! தட் டிரைவர் வெரி பேட் மேன்!"

வகுப்பு கைதட்டியது. அதன் பிறகு ஆளாளுக்கு அந்த டிரைவரை ஆங்கிலத்தில் திட்டினார்கள். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

வெளியே வந்தபோது எப்சிபாவின் வாயில் மிட்டாய் கரைந்திருந்தது.

"நான் ஒரு வார்த்தைகூடப் பேசல."

"தெரியும் மிஸ். செண்பகவல்லி குரல இன்னிக்குத்தான் நானே கேக்கேன்."

திங்கள் மாலை, வேலை உத்தரவோடு வந்தார் எப்சிபா.

"இந்தத் தடவையும் பாதியில ஒரு வார்த்தை வரல."

"என்ன செஞ்சீங்க?"

"தாளாளரைப் பார்க்கல, பிள்ளைகளைப் பார்த்தேன். கையால காட்டினேன். நாலு பிள்ளைங்க எடுத்துக் கொடுத்துச்சுங்க." சபூராவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வித்தைய உனக்கு யாரு சொல்லித் தந்தது? அவங்களை நேர்ல பார்த்துக் கும்பிடணும்மா."

"ஏழாம் வகுப்புல ஒருநாள் உங்களுக்குத் தொண்டை கட்டிருச்சு, மிஸ். அன்னிக்குப் பூரா சைகையிலயே பாடம் எடுத்தீங்க. நான் மொதமொதலா இங்கிலீஷ் பேசினது அன்னிக்குத்தான்."