மேலாளர் வாங்கிக் கொடுத்த இயர்போன்

கூட்டுறவு அலுவலகத்துக்குப் புதிதாகத் தொடுதிரை வருகைப் பதிவு இயந்திரம் வந்தது. அங்கே தொலைபேசி எடுக்கும் மாசிலாமணிக்குக் கண் தெரியாது.

"வழவழன்னு கண்ணாடி. இதைத் தடவி என்னய்யா பண்ணுவே? நாளைக்கு உன் பேரை நீயே தொடணும். இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்குவேன்" என்றார் மேலாளர் சடகோபன்.

"விரல் படுற இடத்தை வாசிக்கிற குரல் அதுலயே இருக்குங்க ஐயா. அதைப் போட்டுவிட்டாப் போதும். காதுக்கு ஒரு இயர்போன் மட்டும்..."

"அதெல்லாம் கிடையாது. சத்தமா வாசிக்கட்டும், எல்லாரும் கேப்போம்."

"ஐயா சொன்னாச் சரி."

மறுநாள் அலுவலகமே கூடி நின்றது. மாசிலாமணி திரையின் உச்சியில் விரல் வைத்தார். பட்டியல் பதவி வரிசையில் இருந்தது; பழைய பதிவேட்டின் இந்த மாதக் கணக்கும் அதில் ஏற்றப்பட்டிருந்தது. இயந்திரம் உரக்க வாசித்தது: "சடகோபன், மேலாளர். இந்த மாதம் பதினோரு நாள் தாமதம்."

யாரோ இருமினார்கள்.

"மன்னிக்கணுங்க. என் பேர் கடைசியில. உங்களைத் தாண்டித்தான் இறங்கணும்" என்றபடி விரலை நகர்த்திய மாசிலாமணி, தன் பெயர் கேட்டதும் இருமுறை தட்டினார். வருகை பதிவானது.

"சாயங்காலம் வெளியே போறப்பவும் இப்படித்தானுங்க ஐயா."

மதியத்துக்குள் இயர்போன் வந்துவிட்டது. மேலாளரே கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தார்.