குதிரைமேல் ஒரு தூக்குக்குண்டு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, குதிரைகளுக்குப் பேச்சும் மந்திரவாதிகளுக்கு மரியாதையும் இருந்த காலத்தில், செங்காடு என்று ஒரு நாடு இருந்தது. நாடு முழுவதற்கும் குடிதண்ணீர் ஒரே ஒரு சுனையில்தான். வக்கிரகேது என்ற மந்திரவாதி அந்தச் சுனையை மதில் வைத்து வளைத்துக்கொள்ள வந்தான். மதிலுக்குச் செங்கல் வேண்டுமே! அவன் சூளை போடவில்லை. ஒரு சாம்பல் நிறக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இதன்மேல் ஏறிச் சுனையை மூன்று முறை சுற்றுங்கள். நடையில் ஒன்று, தொங்கோட்டத்தில் ஒன்று, நாலுகால் பாய்ச்சலில் ஒன்று. விழாமல் சுற்றினால் நான் போய்விடுகிறேன். விழுந்தால் செங்கல்" என்றான்.

போர்வீரன் ஏறினான், செங்கல் ஆனான். வியாபாரி ஏறினான், செங்கல் ஆனான். ராஜாவின் மூத்த மாப்பிள்ளை மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினான், மீசை மாதிரியே வளைந்த ஒரு செங்கல் ஆனான். இப்படித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் கல்லாகி, மதில் ஏறக்குறைய முடிந்தே போனது. மிச்சம் ஒரே ஒரு கல் அளவுக்கு ஒரு சந்து. அதில் செம்பை விட்டுத்தான் ஊரே தண்ணீர் மொண்டது. அந்தச் சந்தும் அடைபட்டால் தண்ணீரும் இல்லை, கல்லானவர்கள் திரும்பி வருவதும் இல்லை.

அந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது கல், ஒண்டிமுத்துக் கொத்தனார். அவர் தங்கச்சி மூக்காயி, அவரிடமே சித்தாள் வேலை பார்த்தவள். பேர்தான் மூக்காயி, மூக்கு என்னவோ சின்னதுதான். அவளுக்கு அண்ணனை விட்டால் ஆள் இல்லை. சந்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டு மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் கண்ணைத் துடைத்தாள். அண்ணன் சாரத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்த தூக்குக்குண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சுவர் நேராக எழும்புகிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தப் பித்தளைக் குண்டு. நேராகப் போய்க் குதிரை முன்னால் நின்றாள்.

வக்கிரகேதுவின் குரலில் தேன் ஒழுகியது. "பயப்படாதே தாயே! மூன்றே யோசனை சொல்கிறேன். லகானை இறுக்கிப் பிடித்துக்கொள். முதுகை வளைத்துக் குனிந்துகொள். கண்ணைத் தரையைவிட்டு எடுக்காதே."

பாவம், அவளும் நம்பினாள். ஏறினாள். இறுக்கிப் பிடித்தாள், குனிந்தாள், தரையைப் பார்த்தாள். குதிரை நாலு எட்டுத்தான் வைத்தது. தரை கிறுகிறுவென்று சுற்ற, இடப்பக்கம் ஒரு சாண் வழுக்கிவிட்டாள். "ஐயோ அண்ணே!" என்று கத்திக்கொண்டே, கையில் அகப்பட்ட பிடரி மயிரைப் பிடித்து எப்படியோ சேணத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்தத் தடுமாற்றத்தில் லகான் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்பாடா!" என்றது குதிரை.

அது ஊமைக் குதிரை என்றல்லவா ஊரே நினைத்திருந்தது! மூக்காயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ பேசுவியா?"

"பேசுவேனாவா? ஆயிரம் பேருகிட்ட பேசப் பாத்தேன் தாயி! ஏறின உடனே அம்புட்டுப் பேரும் லகானை இழுத்துப் பிடிச்சுக்கிட்டா, வாயில இரும்பை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பேச? நான் யாரையும் தள்ளல. அவங்களாத்தான் விழுறாங்க. நீயும் கோணலா உக்காந்திருக்க."

கோணல்! கொத்தனார் வீட்டுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மூக்காயிக்குச் சுருக்கென்றது. இடுப்பிலிருந்து குண்டை எடுத்தாள். நூலைக் காதில் கிடந்த பாம்படத்தில் கட்டித் தொங்கவிட்டாள். காது அறுந்துவிடாதா என்று கேட்காதீர்கள். பாம்படம் போட்டுப் பழகிய காது, குண்டென்ன, அம்மியையே தாங்கும்!

குண்டு அவள் முழங்காலுக்கும் முன்னால் போய்த் தொங்கியது. இப்படி ஒரு சுவர் நின்றால் அண்ணன் காலால் உதைத்துத் தள்ளியிருப்பார். மூக்காயி முதுகை நிமிர்த்தினாள். பிட்டம் சேணத்தில் நன்றாகப் படிய உட்கார்ந்தாள். முழங்காலின் இறுக்கத்தை விட்டாள். அங்கவடியில் நுனிக்காலை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கினாள். நூல் காதிலிருந்து இறங்கி, தோளைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, குண்டு குதிகாலில் போய்த் தட்டியது.

காது, தோள், இடுப்பு, குதிகால், டக்!

"அதான்! அப்படியே இரு" என்றது குதிரை. முதல் சுற்று முடிந்தது.

இரண்டாவது சுற்று தொங்கோட்டம். குதிரை தூக்கித் தூக்கிப் போட்டது. குண்டு முன்னும் பின்னும் ஆடியது.

"ஏ குதிர, குலுங்குதே!"

"குலுங்கத்தான் செய்யும். என்கூடச் சேந்து குலுங்கு. மரக்கட்டையா இருக்காத."

மூக்காயி இடுப்பை இளக்கினாள். குதிரை ஏறும்போது ஏறினாள், இறங்கும்போது இறங்கினாள். ஆடிய குண்டு ஆடி ஆடி, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தது. காது, தோள், இடுப்பு, குதிகால், டக்! இரண்டாவது சுற்றும் முடிந்தது.

வக்கிரகேதுவுக்கு முகம் வெளுத்தது. மூன்றாவது சுற்றில் குதிரை பாய்ச்சல் எடுத்ததும், மூன்று விரலைச் சொடுக்கினான். நூல் பட்டென்று அறுந்தது. குண்டு எங்கோ புதரில் போய் விழுந்தது.

"போச்சு! குண்டு போச்சு! நான் இப்ப எதை வச்சுப் பாப்பேன்?" மூக்காயியின் கண் தரையைத் தேடிப் போனது. உடம்பும் கூடவே சாய்ந்தது.

"கீழ பாக்காத தாயி! சாந்துச்சட்டியத் தலையில வச்சுக்கிட்டுச் சாரத்துல ஏறுவியே, அப்பக் காலையா பாப்ப?"

பார்க்கமாட்டாள். காலைப் பார்த்தால் சட்டி போய்விடும், சட்டி போனால் அண்ணன் கத்துவார். மூக்காயி தலையில் சட்டி இருப்பதாகவே நினைத்துக்கொண்டாள். குதிரையின் இரண்டு காதுக்கும் நடுவே தூரத்தைப் பார்த்தாள். காது, தோள், இடுப்பு, குதிகால். 'டக்' என்று அவளே வாயால் சொல்லிக்கொண்டாள். காற்று சேலையைப் பிய்த்தது, மதில் பக்கத்தில் சிவப்பாய் ஓடியது, மூன்றாவது சுற்றும் முடிந்தது!

மூக்காயி கீழே குதித்ததுதான் தாமதம், வக்கிரகேது குதிரைமேல் பாய்ந்தான். எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் மந்திரம் அழியாமல் நின்றுவிடும். ஆனால் அவனுக்குப் பயம். பயம் வந்த உடம்பு யார் சொல்லையும் கேட்காது. லகானை இறுக்கிப் பிடித்தான், முதுகை வளைத்துக் குனிந்தான், கண்ணைத் தரையில் நட்டான். நாலு எட்டுக்கூட இல்லை. தொப்!

"நான் தள்ளல" என்றது குதிரை.

தரையில் ஒரு கறுத்த செங்கல் கிடந்தது. மதில் பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த கல்லெல்லாம் தும்மிக்கொண்டும் இருமிக்கொண்டும் மனிதர்களாக எழுந்தன. பிள்ளைகள் அப்பாக்களைத் தேடி ஓடின. பெண்கள் குடத்தோடு சுனையில் இறங்கிவிட்டார்கள். ராஜா, மாப்பிள்ளையின் மீசை கோணலாகவே நின்றதைக்கூடக் கவனிக்காமல் கட்டிக்கொண்டார். மூக்காயிக்கு ஆயிரம் பொன் தருகிறேன் என்று அறிவித்தார். குதிரையின் வாயிலிருந்து இரும்பை அன்றைக்கே கழற்றிப் போட்டார்கள்.

மூக்காயி பொன்னையும் பார்க்கவில்லை, ராஜாவையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கடைசியில், உடம்பெல்லாம் செம்மண் தூசியோடு, இடுப்பில் கைவைத்து நின்றார் ஒண்டிமுத்து. மதில் இருந்த இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பய கட்டின சுவரு இது? நூலே பிடிக்கலையே!" என்றார். பிறகு அந்தக் கறுத்த செங்கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கோணக்கல்லு. ஒண்ணுக்கும் ஆகாது." தூர எறிந்தார். அப்புறம்தான் தங்கச்சியைக் கண்டார். "ஏ புள்ள, என் குண்டு எங்க?"

மூக்காயிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று சுற்றிலும் சாயச் சாய நிமிர்ந்தவள், அண்ணன் தோளில் அப்படியே சாய்ந்துகொண்டாள்.

அவர்கள் சாய்ந்திருக்கட்டும். கதை கேட்ட நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்!