யாரும் எறும்பு வைக்காத மருதமரம்

சத்தியம்! சூடம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைக்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற பல்லும் இப்போதே கொட்டட்டும்!

ஒரு காட்டில் குரைச்சி என்ற கேளையாடு இருந்தாள். கேளையாடு என்றால் ஆடு இல்லை. ஆட்டளவே இருக்கும் சின்ன மான். ஆபத்தைக் கண்டால் நாய் மாதிரிக் குரைக்கும். குரைச்சி குரைத்தால் போகிற மேகம் நின்று, என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுத்தான் நகரும். அப்படியொரு தொண்டை!

அவளுக்கு ஒரே குட்டி. பேர் பொட்டு. அதற்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்:

"பொட்டு, அம்மா குரைச்சா நின்ன இடத்திலேயே நின்னுடணும். காதைக்கூட ஆட்டக் கூடாது. அசைஞ்சாத்தான் சிறுத்தை கண்ணுக்குத் தெரியும்!"

"இப்படியாம்மா?" என்று பொட்டு கல்லுப் போல நின்று காட்டும். ஒரு ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் அசையாது. குரைச்சிக்குப் பெருமை தாங்காது.

அந்தக் காட்டுக்குப் பட்டா கிடையாது. பொதுக்காடு. யார் வேண்டுமானாலும் வரலாம், வில்லெடுத்து வேட்டையாடலாம். ஆனால் சட்டம் உண்டு. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. கிளையை வெட்டக் கூடாது. பொழுது சாய்ந்தால் கொண்டுவந்த சாமானையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மரத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் மானைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டார்கள்.

காடுதான் பொது. உள்ளே இருந்தவர்களோ பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். காட்டோரத்து இலுப்பைமரம் சேற்றுமூக்கன் என்ற பன்றியுடையது. பூ உதிரும். அதைத் தாண்டி உள்ளே போனால் தான்றிமரம். அது கிளைக்கொம்பர் என்ற பெரிய கடமானுடையது. காய் உதிரும். இன்னும் உள்ளே, குரைச்சியின் அத்திமரம். பழம் உதிரும்.

எல்லாவற்றுக்கும் உள்ளே, பள்ளத்தில், ஒரு குளம். கரையில் ஒரு பெரிய மருதமரம். அதிலிருந்து தின்ன ஒன்றும் உதிராது. அதனால் அது யாருடையதும் இல்லை.

கோடையில் அந்தக் குளத்தில் மட்டும்தான் தண்ணீர். ராத்திரியில் சிறுத்தை அங்கே படுத்திருக்கும். அதனால் மற்றவர்களெல்லாம் பகலில்தான் குடிப்பார்கள்.

ஒரு நாள் வில்லுக்காரன் ஒருவன் வந்தான். முதுகில் இரும்பு மடக்குப் பரண் ஒன்றைச் சுமந்திருந்தான். உட்கார ஒரு பலகை, கால் வைக்க ஒரு தட்டு, மரத்தைச் சுற்றி இறுக்க ஒரு வார். எந்த மரத்திலும் பூட்டலாம். எந்த நேரமும் கழற்றலாம். அதை இலுப்பைமரத்தில் பூட்டி ஏறி உட்கார்ந்தான்.

தரையில் நடப்பவர்களுக்கு மேலே பார்க்கும் பழக்கம் இல்லை. சேற்றுமூக்கனின் தம்பி பூ பொறுக்க வந்தான். நாண் ஒரு தரம் அதிர்ந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் வில்லுக்காரன் பரணைக் கழற்றினான். தான் போட்ட ஆரஞ்சுத் தோலைக்கூடப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். மரத்தில் ஒரு கீறல் இல்லை. ரொம்ப ஒழுங்கான மனுஷன்!

சேற்றுமூக்கன் அழுதுகொண்டே வால்நீட்டி என்ற கருமுகக் குரங்கிடம் ஓடினான்.

"மாமா! என் தம்பியைக் கொன்னுட்டான். நாளைக்கும் வருவான். எப்படியாவது அவனை என் மரத்தைவிட்டு விரட்டணும்!"

"விரட்டலாம் மாப்பிள்ளை. சும்மாவா?"

"தோண்டுற கிழங்குல பாதி உனக்கு!"

வால்நீட்டி முசுறுக் கூடு ஒன்றைக் கிளையோடு ஒடித்தது. முசுறு என்பது இலைகளைத் தைத்துப் பந்து போலக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கடித்தால் கடவுள் பேர்கூட மறந்துபோகும். வால்நீட்டிக்கும் கடி விழுந்தது. அதனால்தான் அதன் முகம் கறுத்தது என்று சில பேர் சொல்வார்கள். நம்பாதே. முகம் முன்பே கறுப்புதான். இங்கே உண்மை மட்டுமே பேசப்படும்.

அந்தக் கூட்டை இலுப்பைமரத்தில் செருகிவைத்தது.

மறுநாள் வில்லுக்காரன் ஏறினான். ஏறிய வேகத்தில் இறங்கினான். கால்சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு அவன் ஆடிய ஆட்டத்தில் தரையில் ஒரு பள்ளமே விழுந்தது. அவன் போட்ட கூச்சலில் எதிர்மலையிலிருந்து ஒரு பாறை உருண்டது. சந்தேகம் இருந்தால் போய்ப் பார்க்கலாம். பாறை இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கடைசியில் பரணைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

"போயிட்டான்! போயிட்டான்!" என்று சேற்றுமூக்கன் குதித்தான்.

"வீட்டுக்கா போனான், அண்ணே?" என்று கேட்டாள் குரைச்சி.

"எங்கே போனா எனக்கென்ன? என் இலுப்பையில இல்லே!"

அவன் வீட்டுக்குப் போகவில்லை. உள்ளே போனான். தான்றிமரத்தில் பரணைப் பூட்டினான். அன்றைக்கே கிளைக்கொம்பரின் பெண்மான் ஒன்று காய் பொறுக்கக் குனிந்தது, நிமிரவில்லை.

கிளைக்கொம்பர் தம் உப்புத்தரையைக் குரங்குக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். மண்ணில் உப்புப் பூத்த இடம் அது. அதற்காக முன்பு அவர் எத்தனையோ பேரைக் கொம்பால் குத்தியிருக்கிறார். தான்றிக்கும் ஒரு கூடு வைப்பதென்று பேச்சு முடிந்தது.

அப்போதுதான் குரைச்சி குறுக்கே வந்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு கவனிச்சீங்களா? நாம விரட்ட விரட்ட அவன் வெளியே போகல. உள்ளே உள்ளேதான் வர்றான். இப்படியே போனா குளத்துக்கு வந்து நிப்பான். முதல்ல அந்த மருதமரத்துக்குக் கூடு வைப்போம்!"

"நல்ல யோசனை!" என்றார் கிளைக்கொம்பர்.

"அருமையான யோசனை!" என்றான் சேற்றுமூக்கன்.

"வைக்கிறேன்," என்றது வால்நீட்டி. "கூலி யார் தர்றது?"

எங்கோ ஒரு சருகு விழுந்தது. அத்தனை பேரும் அதையே பார்த்தார்கள்.

"அது பொதுமரமாச்சே," என்று கனைத்தார் கிளைக்கொம்பர். "நான் கூலி கொடுத்து, இந்தப் பன்றி தண்ணி குடிக்கிறதா?"

"நான் ஒரு வாய் குடிக்கிறவன்! பெரியவர் வாயை வெச்சா குளமே வத்திப்போகுது. அவர் தரட்டும்!"

"வாயை அடக்கு, சேத்துல பொரளறவனே!"

"சொன்னது தங்கச்சிதானே?" என்று கண்ணைச் சிமிட்டியது வால்நீட்டி. "சொன்னவளே தரட்டுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். குரைச்சிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. 'ஊருக்கெல்லாம் சேர்த்து நான்தான் அழணுமா?' என்று பொட்டுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மழை வந்ததும் இதைப் பற்றி நிதானமாகப் பேசுவது என்று மற்றவர்கள் முடிவெடுத்தார்கள்.

தான்றியில் எறும்பு ஏறியது. வில்லுக்காரன் இறங்கினான். நேரே அத்திமரத்துக்கு வந்தான்.

பொட்டு அன்று ஒரு பழத்தைக் காலால் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. உருண்டோடிய பழத்தின் பின்னால் அது துள்ளியதால் பிழைத்தது. அம்பு காது நுனியைக் கிழித்துக்கொண்டு மண்ணில் குத்தி நின்றது.

குரைச்சி அலறிக்கொண்டு வால்நீட்டியிடம் ஓடினாள்.

"கோடை முத்திப்போச்சு, தங்கச்சி," என்றது அது. "எங்க தேடினாலும் ஒரே ஒரு கூடுதான் இருக்கு. நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். மருதத்தில வைக்கட்டுமா? இல்லே உன் அத்தியில வைக்கட்டுமா? எங்க ஆளுங்க தரையில இறங்கறப்போ நீ காவல் நின்னு குரைக்கணும். அதுதான் கூலி. எந்த மரம்னு நீயே சொல்லு."

குரைச்சி யோசித்தாள். மருதத்தில் வைத்தால் எல்லாரும் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள். சிரித்தார்களே, அவர்களும் குடிப்பார்கள். வில்லுக்காரன் மட்டும் அத்தியிலேயே உட்கார்ந்திருப்பான். அவளுக்குப் பொட்டுவின் காதிலிருந்து வடிகிற ரத்தம்தான் கண்ணில் பட்டது.

"அத்தியில வை," என்றாள்.

வில்லுக்காரன் அத்தியிலிருந்தும் இறங்கினான். இந்தத் தடவை ஆட்டம் இல்லை, கூச்சல் இல்லை. பழகிவிட்டது. பரணைச் சுமந்துகொண்டு இன்னும் உள்ளே நடந்தான். பள்ளத்தில் இறங்கினான். குளத்தைப் பார்த்தான். கரைச் சேற்றில் காட்டில் இருக்கிற அத்தனை குளம்புத் தடமும் பதிந்திருந்தது. அவன் மருதமரத்தைத் தட்டிக்கொடுத்தான். அடிமரம் முழுக்கத் தேடினாலும் ஓர் எறும்பு இல்லை.

இத்தனை நாளும் இந்த இடம் அவனுக்குத் தெரியாது. அவர்களாகவே கூட்டிவந்து காட்டினார்கள்.

மறுநாள் உச்சிவெயிலில் காடே குளத்தைச் சுற்றிப் புதருக்குள் நின்றது. முன்னால் போகிறவர் யாரும் இல்லை. மேலே பார்க்கும் பழக்கம் இதற்குள் எல்லாருக்கும் வந்துவிட்டிருந்தது. மருதத்தின் நிழலில் வில்லுக்காரன் சௌகரியமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"பெரியவரே, வயசுல மூத்தவர் நீங்க. முதல்ல நீங்க குடிங்க," என்று கிசுகிசுத்தான் சேற்றுமூக்கன்.

"உனக்குத்தான் தடிச்ச தோலு. நீ போ!"

"அம்மா, தண்ணி," என்றது பொட்டு.

"பொறுடா கண்ணு," என்ற குரைச்சி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா! உங்க தான்றியில இருக்கிற கூட்டை எடுத்து இங்கே வைக்கச் சொல்லுங்க. வால்நீட்டி அண்ணன் இந்தப் பக்கத்து மரத்துலதான் இருக்காரு!"

"வெச்சா, அவன் திரும்பி என் தான்றிக்கே வந்துட்டா? பன்றி எடுக்கட்டும்!"

"நான் எதுக்கு எடுக்கணும்? பாதிக் கிழங்கு கொடுத்து வாங்கின எறும்பு!"

"அம்மா, நாக்கு ஒட்டுதும்மா."

"இருடா! அண்ணே, குட்டி தவிக்குதே. கொஞ்சம் மனசு வைங்க."

"ஏன், உன் அத்தியில ஒரு கூடு இருக்கே! அதை எடேன்!" என்றான் சேற்றுமூக்கன். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றியே!"

குரைச்சி தன் அத்தி இருந்த பக்கம் பார்த்தாள். அத்தியை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எங்கே மேய்வது? பிள்ளையை எங்கே ஒளிப்பது?

"சரி!" என்றாள். "என் கூட்டையே எடுங்க! இப்பவே எடுத்துட்டு வந்து வைங்க!"

சொல்லிவிட்டுப் பொட்டுவைப் பார்க்கத் திரும்பினாள். பக்கத்தில் பொட்டு இல்லை.

அது குளக்கரையில் நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால் தண்ணீருக்குள் இருந்தது. மருதத்தின் மேலே வில் மெல்ல வளைந்தது.

குரைச்சி தன் பலத்தையெல்லாம் சேர்த்துக் குரைத்தாள். அப்படியொரு குரைப்பை அந்தக் காடு அதற்கு முன்பு கேட்டதில்லை.

பொட்டு நல்ல பிள்ளை. அம்மா குரைத்ததும் நின்ற இடத்திலேயே கல்லுப் போல நின்றது. காதைக்கூட ஆட்டவில்லை.

சாயங்காலம் வில்லுக்காரன் வாரை அவிழ்த்தான். பரணை மடக்கினான். தின்ற பொட்டலத்தின் காகிதத்தைத் தேடிப் பொறுக்கினான். மருதமரத்தில் ஒரு கீறல் இல்லை. எல்லாம் சட்டப்படி சரியாக இருந்தது.

அவன் போனதும் வால்நீட்டி அத்தியிலிருந்த கூட்டைக் கொண்டுவந்து மருதத்தில் வைத்தது. கூலி கேட்கவில்லை. குரைச்சியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை வில்லுக்காரன் மருதத்தில் ஏறினான், இறங்கினான். எறும்பில்லாத அத்திமரத்தைத் தேடிப் போய் அதில் பரணைப் பூட்டினான்.

குளம் காலியாக இருந்தது. கிளைக்கொம்பர் வயிறு முட்டக் குடித்தார். சேற்றுமூக்கன் சேற்றில் புரண்டு எழுந்தான்.

"பாத்தீங்களா பெரியவரே? நல்லவேளை, நம்ம கூட்டை நாம எடுக்கல!"

"ஆமாமா! எடுத்திருந்தா இன்னிக்கு அவன் நம்ம மரத்துல இல்லே உட்கார்ந்திருப்பான்!"

குரைச்சி கரையில் நின்றாள். தண்ணீரில் வாய் வைக்கவில்லை. அதன்பிறகு அந்தக் காட்டில் சிறுத்தை வந்தாலும், வில்லுக்காரன் வந்தாலும், அவள் குரைத்ததே இல்லை.

எல்லாருக்கும் பொதுவானதை வேறு யாராவது காப்பார்கள் என்று விட்டுவிட்டுத் தன் மரத்தை மட்டும் காத்துக்கொள்கிறவர்கள், ஆபத்துக்கு வழிகாட்டி அதைத் தாங்கள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்கே கூட்டிவருகிறார்கள்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதே. அந்த வில்லுக்காரன் இன்னும் மரம் தேடிக்கொண்டுதான் இருக்கிறான், என் வீட்டுக் கொல்லையிலும் ஒரு நல்ல புளியமரம் நிற்கிறது.