எலெக்ட்ரான் வேஷம்

ஓர் ஆய்வுக்கூடத்து மேசைமேல் கறுப்பாக ஒரு பீங்கான் வில்லை இருந்தது. கடுங்குளிரில் வைத்தால் அதற்குள் மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும். ஏன் அப்படி ஓடுகிறது என்று யாருக்கும் முழுசாக விளங்கவில்லை. வில்லைக்கே விளங்கவில்லை என்பதுதான் பரிதாபம்.

"எனக்குள்ள இந்த எலெக்ட்ரானுங்க என்னதான் பண்ணுதுங்க? ஒருத்தராவது காட்டக்கூடாதா?" என்று அது ஏங்கிக் கிடந்தது.

எலெக்ட்ரான்களோ பொடிசுகள். ஓட்டம் அசுர ஓட்டம். அவற்றை நிறுத்திப் படம் பிடிக்க வழியில்லை. அதனால் ஆராய்ச்சியாளர் இன்பவல்லி ஒரு கூத்துக்கு ஏற்பாடு செய்தார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள், லேசர் ஒளியாலேயே பணியாரச் சட்டி மாதிரி குழிகுழியாக ஒரு மேடை. அதில் எலெக்ட்ரான் வேஷம் கட்டப் பொட்டாசியம் அணுக்கள். அணு பெரிசு, நிதானமாக ஆடும், படமும் பிடிக்கலாம். ஒரே நிபந்தனை, மேடையேறுமுன் உடம்புச் சூடு அநேகமாக எல்லாம் போயிருக்க வேண்டும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் குழியில் நிற்காமல் துள்ளிவிடும்.

லேசர் தன்னால் ஆனமட்டும் ஆற்றிப் பார்த்தது. மிச்சச் சூடு போவேனா என்றது. இந்த வகைப் பொட்டாசியத்துக்கு ஒரு குலவழக்கம் உண்டு. குளிரத் தொடங்கினால் ஒன்றை ஒன்று தொடாது. தொடாவிட்டால் சூடு எப்படிக் கைமாறும்? காந்த விசையாலேயே ஆன கிண்ணம் ஒன்றுக்குள் அவை தத்தம் சூட்டோடு விறைத்துக்கொண்டு நின்றன.

"இதுங்க தானா ஆறாது கில்பர்ட், ரூபிடியத்தை விடுங்க," என்றார் இன்பவல்லி, கூட வேலை பார்ப்பவரிடம்.

ரூபிடியம் அணுக்கள் திமுதிமுவென்று வந்தன. தடித்த உருவம்; குளிரெடுத்தால் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் கூட்டம். ஒரு பொட்டாசியம் முகத்தைச் சுளித்தது.

"எங்க ஆளுங்களே என்னைத் தொடமாட்டாங்க. நீ தள்ளி நில்லு."

"தொட்டாத்தான் தம்பி சூடு இறங்கும்," என்றது அருகே வந்த ரூபிடியம்.

"அதுல உனக்கென்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல. நீ மேடைக்குப் போகணும்ல."

சொல்லிவிட்டு வந்து இடித்தது. பொட்டாசியத்தின் பதற்றம் கொஞ்சம் அடங்கியது. கில்பர்ட் கிண்ணத்தின் விளிம்பைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். சூட்டை வாங்கி வாங்கித் தாங்கமாட்டாமல் போன ரூபிடியங்கள் ஒவ்வொன்றாக விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தன.

பொட்டாசியத்துக்கு முதலில் சுகமாக இருந்தது. பிறகு மனசு உறுத்தியது. குலவழக்கத்தை மறந்து அதுவே ரூபிடியத்தை நெருங்கிப் போய்க் கேட்டது.

"அண்ணே, வெளிய விழுந்தவங்க எங்க போறாங்க?"

"குடுவைச் சுவருக்கு. அங்கேயே ஒட்டிக்கிட வேண்டியதுதான்."

"திரும்பி வருவாங்களா?"

"இல்ல."

"அப்ப எனக்கு இந்தக் குளிரே போதும்ணே."

"போதாது. இன்னும் துடிக்கிற பாரு. கொடு இப்படி."

கடைசியாக மிஞ்சிய அந்த ரூபிடியம் இன்னொரு முறை இடித்தது. பிறகு அதுவும் விளிம்பைத் தாண்டிப் போயிற்று.

கூத்து தொடங்கியது. எலெக்ட்ரான்களில் நிமிர்ந்தது, கவிழ்ந்தது என்று இரண்டு வகை உண்டு; அதற்காக இன்பவல்லி அணுக்களில் பாதியைத் தலைகீழாகத் திருப்பி, எல்லாவற்றையும் குழிகளில் இறக்கினார். குழிக்கு ஒன்றாக நின்றன. நிமிர்ந்ததற்குப் பக்கத்தில் கவிழ்ந்தது, கவிழ்ந்ததற்குப் பக்கத்தில் நிமிர்ந்தது என்று, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரிசை கட்டின. படமெடுக்கும் ஒளி பாய்ந்தது. திரையில் படம் விழுந்தது.

"இப்படித்தான் நிக்குதுங்களா எனக்குள்ள?" என்றது வில்லை. "முழுசும் தெரியாட்டியும் ஆரம்பமாவது தெரிஞ்சுதே."

"இந்தப் பொட்டாசியத்துக்கு என்ன அடக்கம் பாருங்க மேடம்," என்றார் கில்பர்ட்.

குடுவைக்குள் பொட்டாசியத்துக்கு அது காதில் விழுந்தது. நான் இல்லீங்க, அண்ணன்தான் என்று சொல்ல வாயெடுத்தது. ஆனால் படமெடுத்த ஒளி மோதியதில் பழைய சூடு அத்தனையும் ஏறி உடம்பு தகித்தது. புதிதாக வந்த பழக்கத்தில் பக்கத்தில் கையை நீட்டிற்று. சுற்றிலும் அதன் சொந்தங்கள் எல்லாம் நின்றன. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.