மேனேஜர் உட்காராத நாற்காலி

திருப்பூரில் இன்று கல்யாண மண்டபம் நிற்கிற இடத்தில் அப்போது ஒரு பனியன் கம்பெனி இருந்தது. டீ வேளையில் பெண்கள் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். மேனேஜர் தண்டபாணி வந்தால் அடங்கிவிடும். அவருக்கு வாயும் கெட்டது, கையும் கெட்டது.

வாசலில் புகார்ப் பெட்டி தொங்கியது. சாவி, பெண்களின் புகாரை விசாரிக்க மாதம் ஒருமுறை வரும் கமிட்டி வக்கீலம்மாவிடம். ஆனாலும் திறந்தால் பெட்டி காலியாக இருக்கும். புகார் எழுதினவளுக்கு வேலை போயிருக்கும்.

அந்த மாதம், அங்கே தைக்கிற மாரிக்கனி பெயர் எழுதாமல் பெட்டியில் ஒரு கடிதம் போட்டாள்.

கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தண்டபாணி மட்டும் தன் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தபடி நின்றார்.

"உட்காருங்க சார்," என்றார் வக்கீலம்மா.

"பரவால்லீங்க மேடம்."

பெட்டியைத் திறந்தால், வழக்கம்போல் காலி.

"பாத்தீங்களா? இங்க ஒரு குறையும் இல்லீங்க!" என்றார் தண்டபாணி.

மாரிக்கனி எழுந்தாள். "நான் எழுதிப் போட்டேன் மேடம், சார் நாற்காலியில அரிப்புப் பொடி தூவியிருக்குன்னு. வேற யாருகிட்டயும் மூச்சு விடல."

சொல்லிவிட்டு, அந்த நாற்காலியிலேயே போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"கள்ளச்சாவியை எடுத்து மேசையில வைங்க, தண்டபாணி," என்றார் வக்கீலம்மா.

இப்போதும் அந்த மண்டபத்தில் விசேஷம் என்றால், பழைய தோழிகள் மாரிக்கனிக்குத்தான் முதல் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். "பாத்து உக்காருங்கக்கா, அரிக்கும்!"

சிரிப்பு தெருமுனை வரை கேட்கிறது.